செகண்ட்ஸ்

திருப்பூரில் துணுக்குக்கும் விலை உண்டு.
கைவெட்டில் விழுந்த கழுத்துப் பட்டி,
ஓவர்லாக் துப்பிய நூல்மயிர்,
எண்ணெய் பட்ட பனியன்,
எதுவானாலும் வாங்க ஒரு தராசும்
தராசோடு ஒரு ஆளும் சந்துமுனையில் உண்டு.
வெள்ளைக்கு ஒரு ரேட்டு, கலருக்கு ஒரு ரேட்டு.
கலந்து கொண்டுபோனால்
நம் வாயில் வராத வார்த்தையெல்லாம் அவர் வாயில் வரும்.

கட்டடத்துக்கு மட்டும் விலை கிடையாது.
இடித்த அன்று ராத்திரி பதினொன்றுக்கு மேல்
தார்ப்பாய்கூடப் போர்த்தாமல்
குளத்துக்குப் போய்விடும்.

"வெறுங்குளந்தானுங்க்கா" என்பான் டிப்பர் திருமூர்த்தி.
முதல் வருசம் கரைமேல் நின்று கொட்டினான்.
அப்புறம் கொட்டினதன் மேலேயே வண்டியை ஏற்றி
இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க் கொட்டினான்.
ஒன்பதாம் வருசம் குளத்தின் நடுவரைக்கும் தடம்.
டீக்கடையில் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள்,
மூர்த்தி ரோடு.

ஐப்பசி மழைத்தண்ணிக்கு அந்த ரோடு பழக்கமில்லை.
வெடியால நாலு மணிக்கு
எங்கள் லைன் வீட்டுக்குள் வந்து
முட்டிக்கால் உயரம் நின்று
வழி கேட்டது.
அரிசிக் குண்டா மிதந்தது.
கடைசி வீடு திருமூர்த்தியுடையது.
டிவியைத் தூக்கி அட்டாலியில் வைத்தான்.
யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

கான்ட்ராக்டர் கிட்டுசாமிக்குப் புத்தி வந்தது
மழையால் இல்லை,
அபராதச் சீட்டால்.
பல்லடம் தடத்தில்
இடிசலை அரைத்து மணலாக்கும் மிஷின் போட்டிருக்கிறார்களாம்,
பிரித்துக் கொடுத்தால் காசு,
கலந்து கொடுத்தால் வண்டியோடு திருப்பி அனுப்புவார்களாம்.
எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.
"செக்கிங்ல இருந்த பொம்பளைக வேணுமுங்க.
கண்ணு பழகியிருக்கும்."

கட்டினதற்குத் தலைகீழாகக் கழற்றினோம்.
முதலில் ஒயர், சுவிட்சு, தண்ணிக்குழாய்.
பிறகு கதவு நிலை, சன்னல் கம்பி.
சிமெண்டு அட்டையை நாங்கள் தொடக்கூடாது,
அதற்கு முகமூடி போட்ட ஆள் தனி.
கடைசியில்தான் மிஷின் வந்து முட்டும்.
முழுச் செங்கல் ஒரு பக்கம்,
காரை தட்டிச் சுத்தம் பண்ணினால் கல்லுக்கு ஒன்றரை ரூபாய்.
அரைக்கல் ஒரு பக்கம். கான்கிரீட் வேறு பக்கம்.
சீலிங்கில் இருந்த ஜிப்சம் ஒரு கை விழுந்தாலும்
லோடு மொத்தமும் ரிஜெக்ட்,
வெள்ளை லாட்டில் கறுப்பு நூல் ஓடின மாதிரி.
ஒடிசாக்காரி ஜுனு இதில் கெட்டி.
கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தட்டி
சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்,
ஃப்ரெஷ்ஷா, செகண்ட்ஸா என்று.

மூன்றாவதாக இடித்தது
நான் ஒன்பது வருசம் நின்ற கம்பெனி.
செக்கிங் டேபிளுக்குப் பின்சுவர்
வில்லை வில்லையாகப் பெயர்ந்து வந்தது.
ஒரு வில்லையில் பென்சில் கோடுகள்,
நாலு நின்று, ஒன்று குறுக்கே.
மேலே என் கையெழுத்து:
ரங்கம்மணி, ஓவர்டைம், பதினொன்றரை.
பொங்கலுக்கென்று போட்ட பூட்டை
அவர்கள் அப்புறம் திறக்கவேயில்லை.

"அக்கா, இது எந்தக் குவியல்?" என்றாள் ஜுனு.

காரைக்கு ஒரு குவியல் இருக்கிறது.
அரைத்தால் மணலாகும், நடைபாதைக் கல்லாகும்.
பதினொன்றரை ஷிப்டை அரைத்தால் என்னவாகும் என்பது
கிட்டுசாமியின் ரேட்டுத் தாளில் இல்லை.
காரைக் குவியலில்தான் போட்டேன்.
கொஞ்சம் ஓரமாக,
எழுத்து மேலே தெரியும்படி.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
புதுக்கல் பதிக்கிறார்கள்.
சாம்பல் நிறத்துக்குள் அங்கங்கே செங்கல் சிவப்பு.
நடக்கும்போது குனிந்து குனிந்து பார்க்கிறேன்,
பெயரைத் தேடி அல்ல,
எதில் மூலை உடைந்திருக்கிறது,
எதை ஒதுக்கியிருக்கோணும் என்று.

நேற்று ராத்திரி குளத்துப் பக்கம்
ஒரு டிப்பரின் பின்கதவு விழுந்த சத்தம்.
எழுந்து உட்கார்ந்தேன்.
திருமூர்த்தி வண்டி இல்லை,
அதன் கொக்கிச் சத்தம் எனக்குத் தெரியும்.
கடைசி வீட்டிலும்
விளக்கு எரிந்தது.